கம்பெனி வருகிற வழி

தூத்துக்குடி கோர்ட்டு வாசலில் டவாலி சுடலைமாடன் மூன்றாம் முறையாகக் கத்துகிறார்: “எதிரி கம்பெனீ...!” அந்தக் குரலுக்குத் துறைமுகத்துக் கப்பல்கள் ஓரடி பின்வாங்குகின்றன, வேப்பமரத்துக் காக்கைகள் இலங்கைக்கே பறந்துவிடுகின்றன. கிரேன் சங்கிலி அறுந்து செத்த வெள்ளத்துரையின் மனைவி பேச்சித்தாய், கையால் வெயிலை மறைத்துத் தெருமுனையையே பார்க்கிறாள். கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் அவளைத் தாண்டி உள்ளே போகிறார். “யாரைத் தேடுதே?” என்கிறார் டவாலி. “கம்பெனியத்தான் அண்ணாச்சி. அவரு வேலையிலதான எங்க வீட்டுக்காரவுக செத்தாக? கடைசியா என்ன சொன்னாகன்னு அவருட்ட கேக்கணும்.” “ஏளா, கம்பெனிக்கு வாயும் கிடையாது, உடம்பும் கிடையாது. அன்னா போறாருல்லா கம்பெனி வக்கீலு, அதுக்கு அவருதான் எல்லாம்.” உப்பு லாரி கிளப்பிய புழுதி வெயிலில் மினுங்கி அடங்குகிறது. தெரு வெறிச்சென்று கிடக்கிறது. அவள் கையை இறக்கவில்லை. “இன்னொருக்கா கூப்பிடுங்க அண்ணாச்சி. தூரத்துல வாரவருக்குக் கேட்டிருக்காது.”