ஏர்ஃபோர்ஸ்காரர் சட்டைப் பையில் பலூன்

பீரோ சாவியைத் தேடிய சைனம்புவுக்குப் புருஷன் சட்டைப் பையில் பலூன் கிடைத்தது. ஒன்றிரண்டு இல்லை. ஏழு.

ஜமால் முகமதுவுக்கு வயது எழுபது. ஏர்ஃபோர்ஸில் இருபது வருஷம் விமானத்துக்கு பிரேக் மாட்டிவிட்டு வந்தவர். பேரப்பிள்ளைகள் ஷார்ஜாவில். நாகல் நகர் வீட்டில் பலூன் கேட்டு அழ ஆளே கிடையாது.

பக்கத்து வீட்டு ஆரிபா ஒவ்வொரு பலூனையும் இழுத்துப் பார்த்தாள். தினம் பத்து மணிக்கு அவர் எங்கே போகிறார் என்று கேட்டாள். பேங்குக்கு என்றாள் சைனம்பு. ஞாயிற்றுக்கிழமையுமா என்றாள் ஆரிபா.

சைனம்பு யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமையும்தான்.

"வருத்தப்படாதீங்க அக்கா. எங்கயோ ஒரு புள்ள இருக்கு. பலூன் கேக்குதுன்னா மூணு, நாலு வயசு இருக்கும்."

"இந்த வயசுலயா? மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது அந்த மனுசனுக்கு."

"ஏன் வாங்குதுன்னு யோசிங்க."

மறுநாள் தெருமுனை ரஃபியின் ஆட்டோவைப் பிடித்து இருவரும் அவர் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே போனார்கள். புள்ளையைப் பெற்ற அந்தப் பெண்ணின் வயது, நிறம், உயரம் எல்லாவற்றையும் ஆரிபா வழியிலேயே முடிவு பண்ணிவிட்டாள். ஸ்கூட்டர் தாடிக்கொம்பு தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்தது.

மோட்டார் ரூம் பக்கம், தண்ணித் தொட்டிச் சுவரில் இரண்டு கிழவர்கள். ஒருவர் ஜமால். மற்றவர் தோப்புக்காரர் சோலைமுத்து. அதே ஏர்ஃபோர்ஸ், அதே பிரேக் வேலை. இருவர் வாயிலும் பலூன். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. சோலைமுத்துவின் பலூன் எலுமிச்சம்பழ அளவு. ஜமாலுடையது அதைவிடச் சிறிசு.

ஆரிபா மோட்டார் ரூமைத் திறந்து பார்த்தாள். பெண் இல்லை. தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

"புள்ள எங்க?" என்றாள் சைனம்பு.

"எந்தப் புள்ள?" என்றார் ஜமால். வாயைத் திறந்ததும் பலூன் புர்ரென்று பறந்து ஆரிபா மேல் விழுந்தது.

சந்தேகம் இன்னதென்று புரிந்ததும் ஜமால் பெண்டாட்டியைத் தென்னை மறைவுக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். அந்தக் காலத்தில் பிரேக்கைக் கழற்றிக் காற்றடித்துத் தூசி தட்டுவார்கள். தூசியெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ். கூரைக்குப் போடுகிறோமே, அதேதான். யாரும் மூக்கை மூடியதில்லை. நாற்பது வருஷம் கழித்து அது சோலைமுத்துவின் நுரையீரலைப் பழைய செருப்புத் தோலாக இறுக்கிவிட்டது. டாக்டர் பலூன் ஊதச் சொன்னால் அவன் தனியாக ஊத மாட்டேன் என்கிறான்.

"எனக்கும் வியாதின்னு பொய் சொல்லிட்டுத்தான் தெனம் வாரேன். போட்டி வச்சுத் தோத்தும் குடுக்கறேன். அவன்கிட்டச் சொல்லிறாத."

அவர் இளநீர் எடுக்கப் போனார். அந்தப் பக்கமிருந்து சோலைமுத்து வந்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணுமில்ல. நம்ம ஜமாலுக்குத்தான் அந்தத் தூசி வியாதி. தனியா ஊத மாட்டான்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதான் நானும் சீக்காளி மாதிரி நடிக்கிறேன். அவன்கிட்டச் சொல்லிறாத."

சைனம்புவுக்கு ஒரு பயம் போய் வேறு பயம் வந்தது. யார் சொல்வது நிஜம்? ஆரிபா இன்னும் தோப்பில் தேடிக்கொண்டிருந்தாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்டோவை நேராக அவர்கள் இருவரும் காட்டும் முன்னாள் ராணுவத்தார் கிளினிக்குக்கு விடச் சொன்னாள்.

டாக்டர் நாகஜோதி இரண்டு எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் மாட்டினார். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன.

"ரெண்டு பேருக்கும்தாம்மா. முழுசாக் குணமாகாது. விடாம ஊதினா மூச்சு கொஞ்சம் லேசாகும்."

இதை அவர்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டாள் சைனம்பு.

சொன்னாராம். இருவரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். ஏர்ஃபோர்ஸ் உடம்பு என்று மார்பைத் தட்டி, இருமிவிட்டுப் போனார்களாம். பிரேக் வேலையில் ஒருவர் மாட்டியதை மற்றவர் சோதித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். தன் வேலைக்குத் தானே போடக் கூடாது. அந்தப் பழக்கம் உடம்புக்கும் வந்துவிட்டது. தன் எக்ஸ்ரேயில் கோளாறு என்றால் நம்ப மாட்டார்கள். அடுத்தவன் எக்ஸ்ரேயில் என்றால் உடனே நம்புவார்கள். டாக்டர் ரூட்டை மாற்றினார்.

"இவர்கிட்ட அவரைக் காப்பாத்தணும்னேன். அவர்கிட்ட இவரை. மூணு மாசமா ஒரு நாள் தவறல."

சைனம்பு அழுதாள். அழுகை பாதியில் சிரிப்பாகிவிட்டது.

"கிறுக்கு மனுசங்க. அடுத்த ஆளுக்குன்னா ஊதுவாங்களாம், தனக்குன்னா ஊத மாட்டாங்களாம். இப்படியும் ஏமாறுவாங்களா?"

சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. சீக்கிரம் நிற்கவில்லை.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். ஜமால் வேலையில் இருந்தபோது அவர் யூனிஃபார்மைத் துவைத்தது யார் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"வேற யாரு? பதினாலு வருஷம் குவார்ட்டர்ஸ்ல நான்தான். நல்லா உதறிட்டுத்தான் ஊற வைப்பேன். அம்புட்டுத் தூசி."

டாக்டர் அவள் முதுகில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். இன்னொரு தடவை விடச் சொன்னார். ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார்.

"எனக்கு எதுக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

டாக்டர் மறுபடியும் ரூட்டை மாற்றினார். "சரிம்மா. ஆனா அவர் ஒழுங்கா ஊதணும்னா நீங்களும் கூட உட்கார்ந்து ஊதணும். படமும் எடுத்துக் காட்டினா அவருக்கு ஒரு தைரியம்."

"அவருக்காகன்னா எம்புட்டு வேணும்னாலும் ஊதறேன், டாக்டர்," என்றாள் சைனம்பு.