மஞ்சள் மூட்டம்

கண்காட்சியின் கடைசி அறையில் மஞ்சள் ஒளி ஊறிய செயற்கை மூடுபனி. நீட்டிய கைகூடத் தெரியவில்லை.

"யோவ், அது என் மூக்கு!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

குணசீலன் வழி தெரியாமல் திணறி, குரல் கொடுத்தபடி நின்றார். அவர் மனைவி தமயந்தி எதிலும் இடிக்காமல் வந்து கையைப் பிடித்தாள். "என் பின்னாடியே வாங்க." வாய்க்குள் முணுமுணுத்தபடி, நுழைந்த வாசலை நோக்கித் திரும்பி நடந்தாள்.

வீட்டிலும் சில மாதங்களாகச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு அவள் இப்படி முணுமுணுத்தே வருவாள். சுலோகம் என்று நினைத்து, "சாமியாராப் போகப்போறியா?" என்று கேலி செய்திருந்தார். இப்போதுதான் எண்கள் காதில் விழுந்தன. அவள் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா கண்ணு தெரியல, தமயந்தி?"

அவள் நின்றாள்.

"பேசாம வந்திருக்கலாம்ல. எண்ணிக்கை விட்டுப்போச்சு."

அந்த வெளிச்சத்துக்குள் இருவரும் கையை விடாமல் நின்றார்கள்.