செபஸ்தியாருக்கு ஒரு மெழுகுதிரி

"நான் ஏத்த மாட்டேன்" என்று சோலையம்மாள் சொன்னதும் மைதானமே திரும்பிப் பார்த்தது.

பள்ளிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. மேஜை மேல் புனித செபஸ்தியார் சொரூபம். ஓடுகிற, தாண்டுகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் பாதுகாவலர். போட்டியை நடத்தும் பள்ளியின் அணித் தலைவியுடைய அம்மா அவர் முன்னால் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். கடைசிப் போட்டி முடியும்வரை அது எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் கோப்பை அம்பேல்!

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே ஞானசுந்தரி சிஸ்டர்தான். காற்றடித்துத் திரி லேசாக ஆடினாலே அவருக்குச் சோறு இறங்காது.

இந்த வருசத் தலைவி சினேகா. ஓட ஆரம்பித்தால் பின்னால் வருகிறவர்களுக்குப் புழுதிதான் மிச்சம். 'எங்க அம்மா திரி ஏத்தப் போறாங்க' என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் தமுக்கடித்திருந்தாள்.

அந்த அம்மாதான் எம். புதுப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து, எட்டப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

சிஸ்டர் தீப்பெட்டியை நீட்டினார். "சும்மா வாங்கம்மா, கூச்சப்படாதீங்க."

"வேண்டாம் சிஸ்டர். வேற யாராச்சும் ஏத்தட்டும்." சோலையம்மாள் இன்னும் பின்னுக்கு நகர்ந்தாள்.

"நாங்களும் மாரியம்மனக் கும்பிடுறவுகதான். அதுக்காக அடுத்த சாமிய இப்படியா அவமதிக்கிறது? எம்புட்டு நெஞ்சழுத்தம்!" அதே அணியில் ஓடுகிற ஹர்ஷினியின் அம்மா சுப்புலட்சுமி சத்தமாகவே சொன்னாள். எழுந்து வந்து தானே திரியை ஏற்றினாள். கைதட்டல் அள்ளியது.

சினேகாவுக்கு முகம் செத்துவிட்டது.

எல்லாப் போட்டியும் முடிந்து, ரிலே மட்டும் பாக்கி. சினேகாவின் பள்ளியும் இன்னொரு பள்ளியும் சரிக்குச் சரி நிற்கின்றன. அதில் ஜெயித்தால்தான் கோப்பை.

சினேகா விறுவிறுவென்று மதில் ஓரம் நின்ற அம்மாவிடம் போனாள். "ஏம்மா என் மானத்த வாங்குன?"

"அங்கனயே நில்லு தாயி! என்னத் தொட்டுராத. நீ மறுபடி அந்தத் திரிகிட்டப் போகணும்ல."

"தொட்டா என்ன?"

"பட்டாசுக் கம்பெனித் தொட்டியில தண்ணி இல்ல, குளிக்கல. வீட்டுக்குப் போயிருந்தா பஸ் போயிருக்கும். வெடிக்கு மருந்து அடைச்ச சேலையோட அப்படியே ஓடியாந்துட்டேன். பஸ்ல ஒருத்தன் பீடி பத்த வச்சான்னு பாதி வழியில இறங்கி, அடுத்த பஸ்ஸுல வந்தேன். இதுல நான் போயித் தீக்குச்சி உரசவா? சுத்தி அம்புட்டுப் பிள்ளைக நிக்குதுகளே!"

சினேகா அம்மாவின் சேலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத அங்கனயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எல்லாரும் அலறியடிச்சு ஓடுவாக. பெறகு ஒன் பக்கத்துல எவ வந்து நிப்பா? என்னயத்தான பேசுறாக, பேசிட்டுப் போகட்டும். நீ போயி ஓடு."

போகவில்லை அவள். நேரே சிஸ்டரிடம் ஓடினாள். அழுகையும் பெருமையும் முட்டிக்கொண்டு வர, மைதானத்துக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "எங்க அம்மா சேலை பூராவும் வெடிமருந்து சிஸ்டர்! நமக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னுதான் தள்ளி நின்னாங்க. வந்து பாருங்க, எங்க அம்மாவ!"

சுப்புலட்சுமி குனிந்த தலை நிமிரவில்லை.

சிஸ்டர் ஒரு கணம் செபஸ்தியாரைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, ப்பூ என்று திரியை ஊதி அணைத்தார்.

"ஐயையோ சிஸ்டர்! இன்னும் ரிலே இருக்கே! கோப்பை போயிருமே!" பிள்ளைகள் பதறினார்கள்.

"போனாப் போகுது" என்றார் சிஸ்டர். தீப்பெட்டியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, மதில் பக்கம் பார்த்துக் கையசைத்தார்.

"சோலையம்மா, இப்ப வாங்க. வந்து உங்க மக பக்கத்துல நில்லுங்க!"