இரண்டாம் சேனல்

குற்றாலம் சாரல் விழாக் கச்சேரிக்கு இன்னும் இரண்டு நாள்தான். துபாயிலிருந்து வரவழைத்த, கட்டைகளே இல்லாத, கீபோர்டை அமுக்கினால் வேறு வாத்தியமாக ஒலிக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை இரண்டு கீபோர்டுகளோடும் இணைத்துவிட்டுக் கூடவந்த புத்தகத்தைப் புரட்டினான் குற்றாலநாதன்.

ஒலி முகம்மது தன் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினார். பெட்டியில் புல்லாங்குழல் ஒலித்தது.

"பாய், கையை எடுங்க. இது ஆம்னிங்கிற மோடுல கெடக்கு. யாரு அமுக்கினாலும் சத்தம் குடுக்குது."

"அப்ப என்னலே செய்யப் போற?"

"ஆம்னியை நிறுத்திட்டு ஒரு சேனல் நம்பரைக் குடுத்தா, அந்த நம்பர் கீபோர்டுக்கு மட்டுந்தான் பாடும். என்னுது ஒண்ணு, உங்களுது ரெண்டு."

ஒலி முகம்மது கையை மடியில் வைத்துக்கொண்டார். பெட்டி அவன் வாங்கியது. மூன்று மாதமாக ஓரத்தில் உட்கார்ந்து, பின்னணிக்கு இரண்டு கட்டை அமுக்குகிறவருக்கு இதில் என்ன பேச்சு?

பொத்தான்களைத் தட்டிவிட்டுக் குற்றாலநாதன் தன் கீபோர்டை வாசித்தான். பெட்டி வாயே திறக்கவில்லை.

"கெட்டுப் போச்சாலே?"

"இல்ல பாய். நீங்க அமுக்குங்க."

அமுக்கினார். குழல் பாடியது.

"உங்க ரெண்டாம் சேனலைத்தான் போட்டிருக்கேன். ஊத மூச்சுதான இல்ல, விரலு இருக்குல்லா? வாரவங்க உங்க குழலைத்தான தேடுவாங்க."

இனி ஊதக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பைக்குள்ளேயே கிடந்த புல்லாங்குழலை எடுத்துக் கீபோர்டின்மேல் வைத்துக்கொண்டு, ஒலி முகம்மது முதல் சுரத்திலிருந்து ஆரம்பித்தார்.