வழி விடாத கார்

மேட்டுப்பாளையம் சாலையில் வேங்கடசாமியின் காருக்குக் குறுக்கே கையை நீட்டினார் கான்ஸ்டபிள்.

“இன்ஸ்பெக்டர் ஐயா ஜீப்புல ஹாரன் அடிச்சுட்டே பின்னாடி வர்றாரு. வழி விடாம நடுரோட்டுல ஊர்ந்துட்டுப் போறே? லைசென்ஸை எடு.”

“ஏனுங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஓரங்கட்டு, ஐயா போகட்டும்.”

காரில் பக்கத்தில் இருந்த வேங்கடசாமியின் மனைவி ராமாமணி பல்லைக் கடித்தாள். “மாப்பிள்ளை வீட்டுல பொண்ணைப் பார்க்கப் பத்து மணிக்கு வர்றேன்னாங்க. இப்பவே பத்தரை. ஊருக்கு உபகாரம் பண்ணப் போய் நமக்கு இது வேணுமுங்களா?”

வேங்கடசாமி பெருமூச்சு விட்டபடி காரை ஓரங்கட்டினார். பின்னாலேயே ஜீப்பும் ஓரங்கட்டியது.

“ஐயாவே எறங்கறாரு. தொலைஞ்சே நீ” என்ற கான்ஸ்டபிள், விறைப்பாக சல்யூட் அடித்தார்.

“யோவ், உன்னைய வெலகச் சொல்லித்தான்யா ஹாரன் அடிச்சேன்” என்று எரிந்து விழுந்தார் இன்ஸ்பெக்டர். “ஜீப்பு ரிப்பேராகி நடுவழியில நின்னுபோச்சு. பாவம், அந்த மனுஷன்தான் கட்டி இழுத்துட்டு வர்றாரு.”

காருக்கும் ஜீப்புக்கும் நடுவே இருந்த கயிற்றைக் கான்ஸ்டபிள் அப்போதுதான் பார்த்தார்.

வேங்கடசாமி லைசென்ஸை நீட்டினார். “கயித்தை அவுத்து உடுங்க. ஐயாவுக்கு வழி விட்டுப்போடறேன்.”