சொம்பில் வெட்டிய பெயர்

"யாரைக் கேட்டு ஆராய்ச்சியை இன்டர்நெட்ல போட்டே? மதிப்பீடே முடியல, எவனாவது திருடிட்டா?" பேராசிரியர் சென்னியப்பன் கத்தியது கேன்டீன்வரை கேட்டது.

"திருடக் கூடாதுன்னுதானுங்க சார் தேதியோட போட்டேன்," என்றாள் ஆராய்ச்சி மாணவி மெஹ்ஜபின். வீட்டுச் சொம்பில் சாயப்பட்டறைக் கழிவுத்தண்ணீர் மொண்டு வந்து, தெளியவைக்கும் வழி கண்டுபிடித்தது அவளுடைய மூன்று வருட உழைப்பு.

"எடுத்துரு! இல்லீன்னா பட்டத்தை மறந்துரு!"

மாணவிமேல் என்ன அக்கறை என்று கேன்டீனே உருகியது.

மறுநாள் துறைத்தலைவர் இருவரையும் அழைத்தார். சென்னியப்பன் தன் பெயரில் அனுப்பிய கட்டுரை ஏற்கெனவே மெஹ்ஜபின் பெயரில் இணையத்தில் இருப்பதாக ஆய்விதழ் எழுதியிருந்தது.

"நீங்க அனுப்புன கட்டுரைப் படத்துல சொம்பு இருக்குதுங்களே, அதுல வெட்டியிருக்கிற சைதுன்னிசா உங்க ஊட்டுல யாருங்க சார்?" என்று சென்னியப்பனைக் கேட்டார் துறைத்தலைவர்.

"எங்கம்மாங்க," என்றாள் மெஹ்ஜபின்.

சென்னியப்பன் வேலை போய், மடத்துக்குளத்தில் மாமனார் வீட்டோடு போய்விட்டார். டாக்டர் மெஹ்ஜபினின் நிக்காஹ் சீரில் முதலில் போனது அந்தச் சொம்பு.