நாற்பதுக்கு நாற்பது

"ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன் சார். வேணும்னா ஆளை மாத்திக்குங்க!"

கணக்கெடுப்புக்காரி நின்றபடியே சொன்னாள். போன மாதம்தான் அந்தப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்திருந்த கண்காணிப்பாளர், அவளுடைய படிவக் கட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

"ஏம்மா, நாப்பது வீட்டுல முப்பத்தெட்டுப் பேருக்கு முதியோர் பென்ஷன் ஒழுங்கா வரலைன்னு எழுதியிருக்கே? மத்த பகுதியெல்லாம் 'முழுத் திருப்தி'. உன் பகுதிக் கிழடுகளுக்கு மட்டும் என்ன வந்துது?"

"அதான் சார், ஒண்ணுமே வரலை."

"வாய்க்குக் குறைச்சலில்லை! சாயங்காலம் அறிக்கை மேலிடத்துக்குப் போகணும். திருத்திக் கொடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

அவளுக்கு இது தினக்கூலி வேலைதான் என்றாலும் வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். திருத்திவிட்டாலோ, அந்த முப்பத்தெட்டுப் பேரின் குறையும் 'எல்லாம் சரி' என்று மூடிப்போகும். நடக்க முடியாத கிழவி ஒருத்தி, "நீயாவது உள்ளதை எழுதிக்கிட்டுப் போ தாயி" என்று கையைப் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"வரலை சார், நின்னுக்கறேன். ஆனா எழுதினது எழுதினதுதான். வீடு வீடா ஏறி இறங்கினேன். செருப்பைப் பாருங்க, எப்படித் தேஞ்சிருக்குன்னு."

"மத்தவங்கல்லாம் பறந்தா போனாங்க?" அவர் இன்னொரு கட்டை எடுத்து நீட்டினார். "பழைய கிடங்குத் தெரு. நம்ம ஆபீஸ்ல 'புயல்'னு கூப்பிடற பையன் எடுத்தது. ரெண்டே நாள், நாப்பதுக்கு நாப்பது திருப்தி! வீட்டுக்கு வீடு கைநாட்டு. அவனைப் பார்த்துக் கத்துக்க."

அவள் புரட்டினாள். பதினேழாம் எண் வீட்டில் விரல் நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இங்கெல்லாம் புயல் நேர்லயே போனாராமா சார்?"

"பின்னே? தேதி, மணி எல்லாம் போட்டிருக்கான் பாரு. போன செவ்வாய், காலையில பத்து மணி."

"அப்ப இதையும் என் கட்டையும் சேர்த்தே அனுப்புங்க. கூட நானும் ரெண்டு வரி எழுதித் தரேன்."

"என்னன்னு?"

"பதினேழாம் நம்பர் எங்க மாமியார் வீடுன்னு. நாலு வருஷம் முன்னாடி அந்தத் தெருவையே இடிச்சுத் தள்ளிட்டுத்தான் சார் இந்த ஆபீசைக் கட்டினாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, அது எங்க அடுப்படி!"